ஃப்ளஷ் சரியா போகலையா? முதல்ல ஒரு பக்கெட் தண்ணி எடுங்க

ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து, நாலஞ்சு பேரா சேர்ந்து வீடு எடுத்துத் தங்குறவங்களோட வாட்ஸ்அப் குரூப்பில் அதிகமா ஓடுற டாபிக் கரண்ட் பில். அதுக்கு அடுத்தது டாய்லெட். "கடைசியா யாருடா போனது?" என்று ஆரம்பிக்கும் அந்தச் சண்டையில், கடைசியாகப் போனவர் மேல் பெரும்பாலும் தப்பே இருக்காது. ஃப்ளஷ் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான். ஏன் போகவில்லை என்று தெரியாமல் பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் சொல்வதுதான் விலை. ஓனரைக் கூப்பிட்டால் "பசங்க எதையாவது போட்டு அடைச்சிருப்பீங்க" என்பார், அது அப்படியே அட்வான்ஸில் கழியும். அதனால் காரணத்தை நாமே கண்டுபிடிப்பது எப்படின்னு பார்ப்போம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க வேண்டாம், பெரும்பாலும் நல்ல தண்ணியைப் பற்றித்தான் பேசப் போறோம்.

பேனுக்குக் கீழே பைப் நேராக இறங்குவதில்லை. ஒருமுறை மேலே வளைந்து, அதுக்கப்புறம்தான் இறங்கும். அந்த வளைவுக்குப் பேர் ட்ராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். செப்டிக் டேங்க் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிற கதவே அந்தத் தண்ணீர்தான். 1775-ல் இந்த வளைவோடு ஃப்ளஷ் டாய்லெட்டுக்கு பேட்டன்ட் வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் தொழில் கடிகாரம் செய்வது. வேற டிபார்ட்மென்ட் டாபிக்கில் ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

இந்த வளைவைத் தாண்டி எல்லாவற்றையும் தள்ளிவிட ஒரு வேகம் வேண்டும். மக்கில் தண்ணி எடுத்து மெதுவா ஊத்திப் பாருங்க. பத்து மக் ஊத்தினாலும் தண்ணீர் மட்டும் வளைவின் விளிம்பைத் தாண்டி வழிஞ்சு போகும், மத்ததெல்லாம் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். அதே 10 லிட்டரை மூணு நாலு செகண்டில் ஒரே வீச்சா ஊத்தினா மொத்தமும் போயிடும். இரண்டிலும் தண்ணீர் அளவு ஒன்றுதான், ஃப்ளோ ரேட்தான் வேற. ஃப்ளஷ் டேங்க் செய்கிற வேலையும் இதுதான்: தண்ணீரைச் சேர்த்து வைத்து, ஒரே நேரத்தில் விடுவது.

இதிலிருந்தே நம்ம டெஸ்ட் கிடைச்சிடுது. பேனில் தண்ணீர் மட்டம் சாதாரணமா இருக்கும்போது, ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் பிடிச்சு, முழங்கால் உயரத்திலிருந்து வேகமா, ஆனா தெறிக்காம ஊத்துங்க. ஏற்கெனவே தண்ணி ஏறி நின்னா ஊத்த வேண்டாம், அது இறங்குற வரைக்கும் காத்திருங்க. பக்கெட் தண்ணி சட்டுன்னு உள்ளே போச்சுன்னா உங்க பைப் நல்லா இருக்கு, கோளாறு டேங்க்கில் அல்லது தண்ணி வர்ற வழியில். ஏறி நின்னு மெதுவா இறங்கினா டேங்க் மேல் பழி போடாதீங்க, கோளாறு கீழே இருக்கு. இந்த ஒரு பக்கெட் பாதி வேலையை முடிச்சிடும்.

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். அஞ்சு பேர், மாடி போர்ஷன், ஒரே டாய்லெட். பார்க்க வந்த பிளம்பர் ரெண்டு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு, "பேனையே மாத்தணும், டைல்ஸ் உடைக்கணும்" என்று 7,500 ரூபாய் சொன்னார். பாதியை அட்வான்ஸில் பிடிச்சுக்கறேன்னு ஓனர் சொல்லிவிட்டார். பக்கெட் ஊத்திப் பார்த்தோம், தண்ணி அருமையா போச்சு. அப்போ பேனை எதுக்கு உடைக்கணும்? யோசிச்சுப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. காலையில் 7 மணியிலிருந்து 8 மணி வரைதான் பிரச்சினை. மதியம் ஃப்ளஷ் பிரமாதமா போகுது. பேனில் குறை இருந்தா அது மணி பார்த்தா வேலை செய்யும்?

போன் ஸ்டாப்வாட்ச் வைத்து, காலி டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தோம். 11 நிமிஷம். காலை நேரத்தில் ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் அஞ்சாறு நிமிஷம்தான் இடைவெளி. அதாவது இரண்டாவது ஆளிலிருந்து எல்லாரும் பாதி டேங்க்கில் ஃப்ளஷ் பண்ணியிருக்கோம். பாதி டேங்க் என்றால் அளவு மட்டும் பாதி இல்லை. டேங்க்கில் தண்ணீரின் உயரமும் குறைவதால், வெளியே வருகிற வேகமும் குறையும். ரூட் 2ஜிஹெச் ஞாபகம் இருக்கா? உயரம் பாதியானால் வேகம் சுமார் 70 சதவீதம்தான்.

டேங்க்குக்குத் தண்ணி போற வழியில், இன்லெட் வால்வ் வாயில், குட்டியா ஒரு வலை ஃபில்டர் இருக்கும். ஆங்கிள் காக்கை மூடி, கனெக்ஷன் ஹோஸைக் கழட்டினா தெரியும். எங்களுடையதில் செம்மண்ணும் வெள்ளை உப்பும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சு மாட்டினோம். டேங்க் 3 நிமிஷத்தில் நிரம்பியது. எந்த டைல்ஸும் உடையவில்லை. நீங்களும் செய்வதானால் ஆங்கிள் காக்கை முதலில் மூடுங்க, இல்லேன்னா பாத்ரூமில் குற்றாலம்.

டேங்க்கில் வேற என்னவெல்லாம் பார்க்கலாம்? மூடியைத் திறந்தால் நடுவில் ஓவர்ஃப்ளோ குழாய் தெரியும். தண்ணீர் அதன் வாயிலிருந்து ஒரு இன்ச் கீழே வரை நிற்கணும். அதுக்கும் ரொம்பக் கீழே நின்னா ஃப்ளோட்டில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பி உயர்த்துங்க. டேங்க் எப்பவும் சொர்ர்னு நிரம்பிக்கிட்டே இருந்தால் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் கசியுதுன்னு சந்தேகப்படலாம். டேங்க்கில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம இருங்க. பேனில் நீலம் வந்தா கசிவு உறுதி. வாஷர் மாத்துறது பெரிய செலவு இல்லை.

டேங்க் நிரம்பியிருந்தும் பேனில் தண்ணி ஒரு பக்கமா மட்டும் வழிஞ்சா, விளிம்புக்கு அடியில் இருக்கிற ஓட்டைகளில் உப்பு படிஞ்சிருக்கும். போர்வெல் தண்ணி வீடுகளில் இது சகஜம். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபில் ஈடிடிஏ வைத்து கடினத்தன்மை கண்டுபிடிச்சோமே, அதே கால்சியம், மெக்னீசியம்தான். மளிகைக் கடையில் கிடைக்கிற லெமன் சால்ட்டை வெந்நீரில் கரைச்சு, துணியை நனைச்சு விளிம்புக்கு அடியில் ராத்திரி முழுக்க ஒட்டி வைங்க. காலையில் பிரஷ் போட்டா பொரிஞ்சு வரும்.

இப்போ பக்கெட் டெஸ்ட்டில் ஃபெயில் ஆன வீடுகள். முதலில் பிளஞ்சர். ரப்பர் கிண்ணம் தண்ணிக்குள் முழுகி, ஓட்டையை முழுசா மூடணும். அமுக்குறதைவிட இழுக்குறதில்தான் அடைப்பு அசையும், அதனால் ரெண்டும் மாறி மாறி இருபது தடவை. சானிட்டரி நாப்கின், வெட் வைப்ஸ், ஷாம்பு சாஷே, முடி, இதெல்லாம் ட்ராப்பில் சிக்கிக்கொள்ளும். நாப்கின் தண்ணியை உறிஞ்சி ஊதுகிற பொருள், அதைத் தள்ளிவிட எந்த ஃப்ளஷாலும் முடியாது.

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பா இருப்பேன். அடைப்பு போகலைன்னு பிளீச்சிங் பவுடர் போட்ட பேனில் ஆசிட் ஊத்தாதீங்க. டாய்லெட் கிளீனரிலும் ஆசிட் இருக்கு, லெமன் சால்ட்டும் ஆசிட்தான். ரெண்டும் சேர்ந்தா வர்றது குளோரின் வாயு, நீங்க நிக்கிறது ஜன்னல்கூட சரியா இல்லாத நாலடிக்கு நாலடி ரூம்.

பிளஞ்சருக்கும் அசையலைன்னா கீழ்வீட்டுக்காரங்களைக் கேளுங்க. செப்டிக் டேங்க் நிரம்பினா முதலில் தவிப்பது தரைத்தள டாய்லெட்தான். அவங்களுக்கும் மெதுவா போனா விஷயம் உங்க பாத்ரூமைத் தாண்டிடுச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இப்படி ஆச்சுன்னா, உறிஞ்சு குழியைச் சுற்றி இருக்கிற மண்ணே தண்ணியில் ஊறி, டேங்க்கிலிருந்து வெளியேற இடமில்லாம இருக்கலாம். கீழ்வீட்டில் எல்லாம் சரி, உங்க வீட்டில் மட்டும் ஃப்ளஷ் பண்ணும்போது குளுக் குளுக்னு சத்தம் வந்தா, மொட்டை மாடி வென்ட் பைப்பைப் பாருங்க. குருவிக்கூடு, பந்து, ஓனர் மேலே ஷெட் போட்டப்போ மூடிய சிமென்ட், எதுவும் இருக்கலாம். காற்று உள்ளே வர வழியில்லாட்டி தண்ணி தடுமாறித்தான் இறங்கும்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தா லாரிதான் வரணும். தமிழ்நாட்டில் 14420-க்கு போன் பண்ணலாம். மூடியைத் திறந்து ஆளை இறக்கலாம்னு ஓனரோ யாரோ சொன்னா ஒத்துக்காதீங்க. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், இறங்கினவர் மயங்கி விழ ரெண்டு மூச்சு போதும். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றமும்கூட.

செலவு யாருடையது? 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதைப் பிரிச்சு வைத்திருக்கு. குழாய் வாஷர், டாய்லெட் ரிப்பேர், அடைப்பு எடுப்பது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. தேவைப்படும்போது பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு. அக்ரிமென்ட்டில் வேற மாதிரி எழுதியிருந்தா அதையும் பாருங்க. டேங்க்கா பைப்பான்னு பக்கெட் சொல்றதால, பேச்சு எங்கே ஆரம்பிக்கணும்னும் அதுவே சொல்லிடுது. டெஸ்ட்டை வீடியோ எடுத்து, "அங்கிள், பக்கெட் தண்ணியே இறங்க மாட்டேங்குது, பார்த்துட்டு சொல்லுங்க"ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. தேதியோட பதிவாகிடும்.

ஜூனியர்ஸ், வீடு தேடப் போகும்போது ஃபேன், லைட் எல்லாம் போட்டுப் பார்ப்பீங்க. அப்படியே பாத்ரூமில் ஒரு பக்கெட் ஊத்துங்க, ஃப்ளஷ் பண்ணிட்டு டேங்க் நிரம்புற நேரத்தையும் பாருங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி.