காலாவதி நேரத்தோடு வரும் செய்தி

2001 டிசம்பர் 5. ஆப்கானிஸ்தானில் காந்தஹாருக்கு வடக்கே அமெரிக்கச் சிறப்புப் படையினர் ஒரு தாலிபான் நிலையைக் குறிவைத்தார்கள். அதன் இருப்பிட எண்களை மேலே பறந்த பி-52 விமானத்துக்குச் சொல்ல வேண்டும். நடுவில் ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி மாற்றினார்கள். மறுபடி இயங்கியபோது கருவி காட்டியது எதிரியின் இடத்தை அல்ல, தான் இருந்த இடத்தையே. அது தெரியாமல் அந்த எண்களே விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2,000 பவுண்டு குண்டு, சொன்ன இடத்தில் துல்லியமாக விழுந்தது. அமெரிக்க வீரர்கள் மூவரும், உடனிருந்த ஆப்கானியர் சிலரும் இறந்தார்கள்.

லாரிகளை வரைபடத்தில் காட்டும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு எண்ணை மனிதர் எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு இடமும் எனக்குப் பயம் தரும். ராணுவத்தில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியே ரேடியோ வாங்கியதால் வந்த வினை அது. 1983-இல் கிரெனடா தீவில் இறங்கிய அமெரிக்கத் தரைப்படையினர், கண்ணெதிரே நின்ற தங்கள் கப்பல்களோடு நேராகப் பேச முடியாமல் திண்டாடினார்கள்.

எல்லோருக்கும் எல்லாமும் செய்யும் ஒரே ரேடியோ குடும்பத்தை உருவாக்கும் பெரிய திட்டத்தை அமெரிக்கா 1997-இல் தொடங்கியது. ஒவ்வொரு படையும் தன் தேவையை அதில் ஏற்றிக்கொண்டே போனது. பல நூறு கோடி டாலர் கரைந்தபின், 2011-இல் வாகனங்களுக்கான ரேடியோவையே கைவிட்டார்கள்.

2002-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஆய்வு செய்யும் மைட்டர் நிறுவனத்தின் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். ரேடியோவைத் தொடவில்லை, செய்தியின் வடிவத்தை மட்டும் பொதுவாக்கினார்கள். 'கர்சர் ஆன் டார்கெட்' என்று பெயர். என்ன, எங்கே, எப்போது: இவ்வளவுதான் அதன் உயிர். எழுதப்பட்டது எக்ஸ்எம்எல்லில், அதாவது இணைய உலகம் அன்றாடம் புழங்கும் எழுத்து வடிவில். பத்துக் கருவிகளை ஒன்றோடொன்று நேராகப் பேசவைக்க 45 இணைப்புகள் வேண்டும். பொது வடிவம் இருந்தால், கருவிக்கு ஒன்றாகப் பத்து மொழிமாற்றிகள் போதும். பழைய கருவிகளையும் தூக்கி எறிய வேண்டாம்.

இதில் என்னை மயக்கியவை இரண்டு சிறு விவரங்கள். ஒன்று, ஒவ்வொரு செய்தியும் தன் காலாவதி நேரத்தைத் தானே சுமந்து வருகிறது. என் தொழிலில் சிக்னல் போன லாரி உளுந்தூர்ப்பேட்டையிலேயே நிற்பதாக வரைபடம் காட்டிக்கொண்டிருக்கும், ஆள் அதை நம்புவார். போர்க்களத்தில் ஐந்து நிமிடப் பழைய புள்ளியை நம்பினால் உயிர் போகும். இன்னொன்று, சொல்லும் இடம் எத்தனை மீட்டர் தப்பக்கூடும் என்பதையும் செய்தியே சொல்லிவிடுகிறது. இவ்வளவு நேர்மையான செய்தி வடிவத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

2010-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் இந்த வடிவத்தைக் கடையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அந்தச் செயலியின் பெயர் ஏடாக். நெஞ்சில் கட்டிய போனிலிருந்து ஒரு கேபிள் ராணுவ ரேடியோவுக்குப் போகும். திரையும் வேகமும் போனுடையவை. ரகசியக் குறியாக்கம் ரேடியோவுடையது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்காகப் போன் நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்யும் வேலையை எந்த ராணுவக் கொள்முதல் பிரிவாலும் எட்டிப் பிடிக்க முடியாது. வரைபடத்தை விரலால் பெரிதாக்க வீரருக்கு யாரும் கற்றுத்தரவும் வேண்டியதில்லை. ஆனால் போனின் செல் அலையை மட்டும் களத்தில் அணைத்தே வைக்க வேண்டும். அது எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொதுமக்களுக்கான பதிப்பு 2020-இல் வெளியானது. என் போனிலும் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் குழுக்களும் இதைப் பயன்படுத்துகின்றன: தீயின் எல்லையை ஒருவர் தன் போனில் வரைந்தால், அதே கோடு மற்றக் குழுக்களின் திரையிலும் விழும். யாரும் எண்களை வாயால் ஒப்பிக்க வேண்டியதில்லை.