கரிச்சான் கூப்பிட்டால் காடு கூடும்

சிங்கராஜக் காட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரமாகியும் ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. இலங்கையின் தென்மேற்கில் உள்ள அந்த மழைக்காட்டின் வழக்கமே அதுதான். அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாத மரங்கள், சொட்டிக்கொண்டே இருக்கும் இலைகள், காலுறை மேல் ஊர்ந்து ஏறும் அட்டைகள், சில்வண்டுகளின் இரைச்சல். நாம் இவற்றோடு போராடிக்கொண்டிருக்கும்போது, கூட வரும் வழிகாட்டி சட்டென்று நின்றுவிடுவார். பைனாகுலரைத் தொட மாட்டார். தலையைச் சற்றே சாய்த்துக் காது கொடுப்பார். தூரத்தில் எங்கோ ஒரு கரிச்சான் குரல் கொடுக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

முதலில் ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் வரும். ஓயாமல் பேசிக்கொண்டு, இலைகளைப் புரட்டிக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவும் கூட்டம். கீழே புதருக்குள் சாம்பல்தலைச் சிரிப்பான்கள். நடு மட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீக்காக்கை. உச்சியில் நீண்ட வாலும் சிவந்த முகமுமாகச் செம்முகப் பூங்குயில். காக்கைக் குடும்பத்துக்கே அழகு சேர்க்கும் இலங்கை நீல மேக்பை, செங்கபில நிறத் தலையும் பவள நிற அலகும் நீல உடலுமாக நடுவே புகுந்து போகும். பத்து நிமிடம் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாது. கூட்டம் கடந்து போனதும் காடு பழையபடி வெறிச்சோடிவிடும்.

பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் இந்தக் கூட்டங்களை 1980களிலிருந்தே இங்கு ஆராய்ந்து வருகிறார்கள். பேராசிரியர் சரத் கொடகமவும் ஈபன் குடேலும் செய்த ஆய்வுகள் உலக அளவில் பேசப்படுபவை. ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பதுக்குக் குறையாத பறவைகளும் இருக்கும் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். சிலம்பன்கள் கிளறும்போது பதறிப் பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் பாய்ந்து பிடிக்கும். பதிலுக்கு அது காவல் காக்கும். வல்லூறு தெரிந்தால் எச்சரிக்கும். இன்னொரு வித்தையும் அதற்குத் தெரியும். கூட்டத்தில் சேரும் மற்றப் பறவைகளின் குரல்களை அப்படியே பாவனை செய்து பாடும். அந்தப் பாவனைக் குரலைப் பதிவு செய்து காட்டில் ஒலிக்கவிட்டபோது, கரிச்சானின் சொந்தக் குரலுக்கு வந்ததைவிட அதிகப் பறவைகள் வந்தன. கூட்டம் கூட்டுகிற தலைவனே அதுதான் என்று சொல்லலாம். வழிகாட்டி அதன் குரலுக்காகக் காத்திருப்பதன் காரணம் இதுவே.

குடாவ வாசலிலிருந்து நாம் நடக்கும் அந்த அகலமான பாதைக்கும் ஒரு கதை உண்டு. அது பறவை பார்ப்பவர்களுக்காகப் போட்ட பாதை அல்ல. 1970களில் பிளைவுட் ஆலைக்கு மரம் வெட்டி ஏற்றிச் செல்ல இயந்திரங்கள் திறந்த வழி. மக்களும் இயற்கை ஆர்வலர்களும் தொடர்ந்து எதிர்த்ததால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சிங்கராஜம் இடம்பெற்றது. வெட்டுப்பட்ட இடங்களில் மறுபடி வளர்ந்த மரங்களின் ஊடேதான் இன்று அந்தக் கூட்டங்கள் போகின்றன. அந்தப் பாதையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வழிகாட்டி இல்லாமல் இந்த வனத்துக்குள் விடுவதில்லை. வழிகாட்டிகளில் பலர் காட்டோரக் கிராமத்துக்காரர்கள். கித்துள் மரம் சீவிக் கருப்பட்டி காய்ச்சும் ஊர்கள் அவை. அந்த ஊர்களில் வளர்ந்த காதுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

காது எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1995இல் களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்த ஆந்தையின் குரலும் அல்ல அது. விடாமல் தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜத்தில் அந்தப் பறவையை நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனம் என்று அறிவியல் உலகுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது. செம்பழுப்பு நிறத்தில், உள்ளங்கையில் அடங்கிவிடுவது போன்ற சிற்றாந்தை. நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட புதுப் பறவை இனம். சிங்கராஜத்தைக் காக்கப் போராடிய தீலோ ஹாஃப்மன் பெயரை அதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். கைபேசியில் பறவையின் குரலை ஓடவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் இன்று எங்கும் பரவிவிட்டது. தன் எல்லைக்குள் வேற்று ஆண் வந்துவிட்டதென்று எண்ணித்தான் பறவை ஓடி வருகிறது. முட்டையையும் குஞ்சையும் விட்டு வருகிறது. ஒருவர் செய்தால் ஒரு நாள் தொல்லை. பருவம் முழுக்க நாளுக்குப் பல குழு செய்தால் அந்தப் பறவையின் கதி என்ன? பணம் கொடுத்தவர் கேட்டாலும் மறுக்கிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. அப்படி மறுப்பவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பது நம் கடமை.

சிங்கராஜத்தை விட்டு, இரத்தினபுரியைத் தாண்டி வண்டி மேலே ஏறத் தொடங்கினால் சில மணி நேரத்தில் வேறு உலகம். மின்விசிறி தேடிய உடம்பு போர்வை தேடும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஏறும் வழியெங்கும் காடு இல்லை, தேயிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் புகுந்த பிறகு தேயிலைக்காகவும் மலை மலையாகக் காடு சாய்க்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவை தமிழகத்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் மக்களின் கைகள். அதன் இலாபம் அவர்கள் கைக்கு வரவில்லை. அவர்கள் வாழும் லயன் வீடுகளைக் கடக்கும்போது பறவை மட்டும் பார்த்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை.

5,000 அடிக்கு மேல் உள்ள காடுகளைத் தொடக் கூடாது என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். அரசு ஏற்றது. அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை ஏறியதை நுவரெலியாவைச் சுற்றிக் கண்ணாலேயே காணலாம். ஆனாலும் அந்த ஒரு சொல் இல்லாமல் போயிருந்தால் இன்று நுவரெலியாவைவிட உயரத்தில் உள்ள ஹோட்டன் சமவெளியைச் சுற்றி மேகக்காடு மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊறும் இடம் அது. கித்துல்கலவில் அந்த ஆந்தையின் குரல் கேட்ட கரையின் அதே களனிக்கும்தான்.

பட்டிப்பொலையிலிருந்து சமவெளிக்கு ஏறும் வழியில் அரெங்கா குளம் என்று ஒரு சிறு குளம். விடியும் முன்பே அங்கே நிற்க வேண்டும். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி அங்குதான் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடிகாலையில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவிக்கு நெருங்கிய உறவு. ஆனால் சீட்டியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கம்பி கீறுவது போன்ற கூர்மையான ஒற்றை ஒலிதான், அதுவும் வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்னால். தாழ்நிலத்தில் கூட்டத்துக்காகக் காத்திருந்தோம்; இங்கே ஒற்றைப் பறவைக்காக, விறைத்த விரல்களோடு. வெயில் ஏறியதும் மஞ்சள்செவிச் சின்னானும் மங்கிய நீல ஈப்பிடிப்பானும் தாமாகவே வந்து முகம் காட்டும். மனிதனுக்கு அதிகம் அஞ்சாத பறவைகள்.

வெப்பம் கூடக் கூடப் பறவைகள் மேல் நோக்கி நகர்கின்றன என்பதை உலகின் பல மலைகளில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலவே 2,524 மீட்டர்தான். இந்த மேகக்காட்டுப் பறவைகளுக்கு ஏறிப்போக அதற்கு மேல் மலை இல்லை.

நுவரெலியா நகர நடுவில் உள்ள விக்டோரியா பூங்காவைப் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் விளையாடும் பூங்கா. ஓரத்தில் ஓர் அழுக்கு ஓடை. அந்த ஓடைக்கரைக்குத்தான் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வருகிறது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் கூடு கட்டி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து, குப்பை மிதக்கும் அந்த நீரோரத்தில் பூச்சி பிடிக்கிறது. ஆறுமணிக்குருவியும் இமயத்துக் கருவெள்ளைப் பூங்குருவியும் அதே புதருக்குள் இருக்கும். அங்கே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் தகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்; வலசை வரும் பறவைகளும் இருக்கும். இலங்கைக்கு மட்டுமே உரிய முப்பதுக்கு மேற்பட்ட இனங்களையும் ஒரே வாரத்தில் காட்டிவிடுவதாகச் சொல்லும் பயணத் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வண்டியில் கழியும் நேரமே அதிகம். இடங்களைக் குறைத்து, சிங்கராஜத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். அட்டை ஏறாத துணிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போகக் கம்பளி எடுத்துவையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஹோட்டன் சமவெளியில் உறைபனி விழும். வழிகாட்டியிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுங்கள்: கைபேசிக் குரல் வேண்டாம், காத்திருக்கிறோம் என்று.