பூந்தாது சேர்த்த கை

சிங்கப்பூரின் தேசிய மலராக 1981-இல் அறிவிக்கப்பெற்றது ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’. ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் ஹுக்கெரியானா, டெரெஸ் என்னும் இரு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து இதனைத் தோற்றுவித்தார் என்று தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி 1893-இல் எழுதினார். அது வண்டின் செயலே எனப் பின்னாளில் சிலர் வாதிட்டனர். ஐயம் எழக் காரணம் யாது?

ஆர்க்கிட் பூவின் தாது பொடியாக உதிராது, உருண்டையாகத் திரண்டிருக்கும். அதனைக் குச்சி முனையால் எடுத்து, மற்றொரு பூவின் சூல்முடிக் குழியில் ஒட்டினால் காய் பிடிக்கும். வண்டும் இதனையே செய்கிறது. ஆதலின் காயைக் கண்டு, தாது சேர்த்தவர் யாரென்று அறிதல் அரிது.

இதனாலேயே கலப்பினம் உண்டாக்குவோர், தாய் தந்தைச் செடிகளின் பெயரையும் நாளையும் சீட்டில் எழுதி அன்றே பூக்காம்பிற் கட்டிவிடுவர். எது தாய், எது தந்தை என்பதை ரிட்லியும் குறிக்கவில்லை. அம்மையார் கட்டிய சீட்டு ஒன்று எஞ்சியிருந்தால் வாதமே எழுந்திராது.