எந்த செராஸ்?

கோலாலம்பூரில் யாரிடமாவது செராஸ் போக வேண்டும் என்று சொன்னால், "எந்த செராஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூரைச் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் செராஸ், அந்தப் பக்கமும் செராஸ். அஞ்சல் குறியீடு 56100 என்றால் தலைநகரத்து செராஸ். 43200 என்றால் சிலாங்கூரைச் சேர்ந்தது. முகவரியில் இந்த எண் விட்டுப்போனால் ஒரு செராஸில் நாமும் இன்னொன்றில் நண்பரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மைல் கணக்கில் பேசுகிறார்கள். ஒன்பதாவது மைல், பதினோராவது மைல் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் செராஸ் சாலையோரம் நட்ட மைல்கற்களின் வரிசை அது. நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் 2017 ஜூலையில் இங்கே எம்.ஆர்.டி. ரயில் வந்தபோது ஒரு நிலையத்துக்குப் பதினோராவது மைலின் பெயரையே வைத்தார்கள்.

நான் தங்கியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்வீட்டு அக்காதான் எனக்கு இந்த ஊரைக் காட்டிக்கொடுத்தவர். "போன பாத்துக்கிட்டே நடக்காதீங்க தம்பி. ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுக்குங்க" என்றார். அதன் அருமை தெருவில் இறங்கினால்தான் புரியும். ரயில் மலூரி வரை பூமிக்கடியில் வந்து, தாமான் பெர்த்தாமாவில் மேலேறி, அதன் பிறகு பெருஞ்சாலையை ஒட்டியே ஓடுகிறது. எதிரே கண்ணுக்குத் தெரியும் கடைக்குப் போக மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். இடையில் மதிய மழை பிடித்துக்கொண்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவர்தான் சொல்லித்தந்தார். செராஸில் சீனர்கள் அதிகம். கடையில் இருக்கும் பெரியவர் அங்கிள், அவர் மனைவி ஆன்ட்டி. மலாய்க்காரர் என்றால் ஆணுக்கு 'பாங்', பெண்ணுக்குக் 'காக்'. தமிழர் கடைக்குச் சாப்பிட வரும் சீனரும் மலாய்க்காரரும் பரிமாறுபவரை "அண்ணே" என்றே அழைக்கிறார்கள். முறை சொல்லி அழைத்துவிட்டால், நம் அரைகுறை மலாயைப் பொறுத்துக்கொண்டு தெருமுனை வரை கூடவே வந்து வழிகாட்டுகிறார்கள்.

புதன்கிழமை மாலை அந்த அக்காவோடு தாமான் கன்னாட் பசார் மாலாமுக்குப் போனேன். ஜாலான் செர்டாஸ் நெடுக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு விரியும் இரவுச் சந்தை. நாறும் தவ்வுக்கு, அதாவது டோஃபுவுக்கு, பெயர் போனது. கூட்டத்தில் நகர்ந்தபடியே அக்கா தன் கதையைச் சொன்னார். அவருடைய பெற்றோர் காஜாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் நட்ட இடங்களில் ஒன்று காஜாங். 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தைத் தொடங்கியது அங்கேதான். பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பளபளக்கும் பேரங்காடியைக் காட்டி, "இதெல்லாம் முன்ன காடா இருந்துச்சு தம்பி" என்று அவர் சொல்லும்போது, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊர் கண்முன் எழுகிறது. அதற்காகவே இங்கு வழி கேட்டு நடக்க வேண்டும் என்பேன்.

வழி கேட்டு நடப்பதன் பயன், நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. முசியம் நெகாரா நிலையத்தில் இறங்கி, கே.எல். சென்ட்ரலுக்குள் புகுந்து வெளியே வந்தேன். அக்காவுக்குத் தெரிந்த, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் காத்திருந்தார். 2010 அக்டோபரில் அப்போதைய இந்திய, மலேசியப் பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியாவின் அலங்காரங்களுக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. ஜாலான் ரொசாரியோ பக்கம் அழைத்துப்போய், "இங்கதான் நூறு குவார்ட்டர்ஸ்" என்றார். ரயில்வே ஊழியர்களுக்காக 1905 வாக்கில் கட்டிய நூறு வீடுகள் அங்கே வரிசை வரிசையாக இருந்தன. நூற்றாண்டு கடந்த பின் இடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களும் நிலைய அதிபர்களும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாள வேலைக்கு வந்தவர்களும் இந்த வட்டாரத்தில் கலந்து வாழ்ந்தார்கள். கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001-இல் திறக்கப்பட்டதும் பழைய ரயில்வே நிலத்தின் மேல்தான். 1904-இல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமம் இன்னும் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நிற்கிறது. அதைக் காக்க மக்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் தோரண வளைவுகளுக்குப் பதில் அந்த நூறு வீடுகளில் ஒரு வரிசையையாவது விட்டுவைத்திருக்க வேண்டும். வளைவுகள் இந்தியாவைக் காட்டுகின்றன. இங்கே வாழ்ந்த மனிதர்களை அந்த வீடுகள் காட்டியிருக்கும். நல்லவேளையாக, முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அக்காவின் அப்பாவும் அதில் பங்குப்பணம் கட்டியவராம்.

பிறகு கடையில் குடித்த தே தாரேக் தேநீருக்கு நான் காசெடுக்கப் போனபோது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து கிள்ளான் போவதாகச் சொன்னேன். "காடியில போவாதீங்க, கொமுட்டர்ல போங்க" என்றார். காரை விட்டுப் புறநகர் ரயிலில் போகச் சொன்னார். கோலாலம்பூருக்கு 1886-இல் முதன்முதலாக ரயில் வந்தது கிள்ளான் திசையிலிருந்துதான். கிள்ளான் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் தெங்கு கெலானா சாலை, அங்கே பூக்கட்டும் தன் தங்கையைப் போய்ப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அந்தத் தங்கையைப் பார்க்கப் போகிறேன்.