சீனக் கதைக்குச் சீன நாயகி ஏன் கிடைக்கவில்லை? அன்னா மே வோங்கைத் தடுத்த சட்டங்களும் விதிகளும்

1935-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் ‘தி குட் எர்த்’ படத்துக்கு நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்தது. பேர்ல் எஸ். பக் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் அது. கதை முழுக்க ஒரு சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. நாயகி ஓ-லான், நிலத்தில் உழைத்துப் பஞ்சகாலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றும் தாய்.

அந்த நேரத்தில் உலகம் முழுவதும் பெயர் தெரிந்த சீன வம்சாவளி நடிகை ஹாலிவுட்டில் ஒருவர்தான் இருந்தார்: அன்னா மே வோங். வயது 30. ஊமைப்படக் காலம் தொட்டு நடித்துவந்தவர். பெர்லினிலும் லண்டனிலும் கொண்டாடப்பட்டவர். ஓ-லான் வேடத்துக்காக வெளிப்படையாகவே ஆசைப்பட்டார். ஆனால் அது ஜெர்மனியில் பிறந்த லூயீஸ் ரெய்னருக்குப் போனது. 1937-இல் வெளியான அந்தப் படத்துக்காக ரெய்னர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதும் பெற்றார்.

இதை ஒரு நடிகையின் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. வோங்கின் வழியை மறித்தவற்றில் பெரும்பாலானவை காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடப்பட்ட சட்டங்களும் விதிகளும். அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் அவர் சாதித்தது எவ்வளவு பெரிது என்பது புரியும்.

சலவைக் கடை வீட்டுப் பெண்

அன்னா மே வோங் 1905 ஜனவரி 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். வீட்டில் வைத்த சீனப் பெயர் வோங் லியூ சோங். அப்பா சலவைக் கடை நடத்தினார். அப்பா, அம்மா இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள். ஆனாலும் பள்ளியில் சக மாணவர்களின் இனக் கேலி தாங்க முடியாமல், அவரும் அக்காவும் சீனப் பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் திரைப்படத் தொழில் லாஸ் ஏஞ்சல்ஸில் வேர்விட்டது. சைனா டவுன் தெருக்களில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசில் படம் பார்ப்பது, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் படப்பிடிப்பை வேடிக்கை பார்ப்பது என்று வளர்ந்தார் அந்தச் சிறுமி. 1919-இல் ‘தி ரெட் லான்டர்ன்’ படத்தில் விளக்கேந்தி வரும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றதுதான் திரையில் அவருடைய முதல் தோற்றம். பெயர் சொல்லும்படியான வேடம் இல்லை. அப்பாவுக்கோ மகள் சினிமாவுக்குப் போவது அறவே பிடிக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில் நாயகியானார். 1922-இல் வந்த ‘தி டோல் ஆஃப் தி சீ’ தொடக்ககால டெக்னிகலர் வண்ணப் படங்களில் ஒன்று. அமெரிக்கர் ஒருவரைக் காதலித்துக் கைவிடப்படும் சீனப் பெண் லோட்டஸ் ஃபிளவராக நடித்தபோது வோங்குக்கு வயது 17. தான் பெற்ற மகனை அந்த மனிதனின் அமெரிக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்கி உயிர்விடுகிறாள் அவள். பிள்ளையைக் கொடுக்கும் இடத்தில் வோங் மிகைநடிப்பில் இறங்குவதில்லை. கைகால் ஆட்டிக் காட்டுவதே நடிப்பு என்றிருந்த காலத்தில், உண்மையான கண்ணீரோடு முகத்தை மட்டும் நம்பி நடித்தார்.

இரண்டாண்டு கழித்து டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ வந்தது. அதில் சூழ்ச்சி செய்யும் மங்கோலிய அடிமைப் பெண் வேடம். படம் உலகெங்கும் ஓடியது. வோங்கின் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகும் தேடி வந்தவை அடிமை, வஞ்சகி, கைவிடப்பட்டவள் என்ற வார்ப்பிலான வேடங்கள்தான். பெரும்பாலும் கதை முடிவதற்குள் அந்தப் பாத்திரம் செத்துவிடும்.

மூன்று தடைகள்

முதல் தடை குடியேற்றச் சட்டம். 1882-இல் கொண்டுவரப்பட்ட சீனர் விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. சீனக் குடியேறிகள் குடியுரிமை பெறுவதையும் மறுத்தது. 1943 வரை அது நீடித்தது. வோங் பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். இருந்தும் வெளிநாடு போகும்போதெல்லாம் முன்கூட்டியே குடியேற்ற அதிகாரிகளிடம் மனுக் கொடுத்து, விசாரணைக்கு உட்பட்டு, திரும்பி வரும் உரிமையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொள்ளும் சீன இனத்தவர்’ என்றே அந்தப் படிவம் மனுதாரரைக் குறித்தது. ஊரறிந்த நட்சத்திரமானாலும் இதிலிருந்து விலக்குக் கிடையாது.

இரண்டாவது, கலப்புத் திருமணத் தடை. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்ளச் சட்டம் இடம்தரவில்லை. 1948-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே இந்தத் தடை விலகியது. வோங் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

மூன்றாவது, திரைத்துறை தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஹேஸ் ஒழுக்க விதித்தொகுப்பு. 1930-இல் எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தது. இனக் கலப்புக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. எழுத்தில் இருந்தது வெள்ளையர், கறுப்பர் உறவு பற்றி மட்டுமே. ஸ்டுடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் சேர்த்தே பொருள்கொண்டன.

இந்த விதி எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாயகனாக வெள்ளை நடிகரைப் போட்டால் நாயகியும் வெள்ளையராக இருந்தாக வேண்டும். படத்தின் வியாபாரமோ பெரிய வெள்ளை நட்சத்திரங்களை நம்பி நடந்தது. ஆகவே சீனப் பாத்திரமானாலும் வெள்ளையருக்குக் கண்ணோரத்தை இழுத்து ஒட்டி ஒப்பனை போட்டு நடிக்க வைப்பார்கள். சீன வில்லன் ஃபூ மான்சூவாகவும் துப்பறிவாளர் சார்லி சானாகவும் புகழ்பெற்ற வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். 1931-இல் ‘டாட்டர் ஆஃப் தி டிராகன்’ படத்தில் வோங் முதன்மை வேடத்தில் நடித்தார். சம்பளம் 6,000 டாலர். அவரைவிடக் குறைந்த நேரமே திரையில் வந்த ஓலண்டுக்கு 12,000 டாலர்.

ஐரோப்பா திறந்த வாசல்

1928-இல் வோங் பெர்லினுக்குக் கப்பலேறினார். அங்கே ஜெர்மன் மொழி கற்றார், படங்களில் நாயகியானார். தத்துவ அறிஞர் வால்டர் பெஞ்சமின் அவரைச் சந்தித்துப் பத்திரிகையில் எழுதினார். லண்டன் மேடையில் இளம் லாரன்ஸ் ஒலிவியருடன் நடித்தார். அவருடைய கலிஃபோர்னியா உச்சரிப்பை விமர்சகர்கள் குறை சொன்னதும், ஆசிரியர் வைத்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார்.

1929-இல் வந்த பிரிட்டிஷ் ஊமைப்படம் ‘பிக்காடில்லி’ அவர் திறமைக்கு முழுச் சான்று. லண்டன் இரவு விடுதி ஒன்றின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் பெண் ஷோஷோவாக நடித்திருக்கிறார். சக வேலைக்காரர்கள் சூழ்ந்து நிற்க, மேசைமேல் ஏறி மெல்ல ஆடுகிறாள் ஷோஷோ. கிழிந்த காலுறை, அழுக்கு உடை; ஆனால் யாருக்காகவும் ஆடாமல் தனக்காக ஆடுகிறவளின் நிதானம். வாசலில் விடுதி முதலாளி வந்து நிற்கிறார். அந்தக் காட்சிக்குப் பிறகு படத்தில் வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. ஆயினும் விளம்பரத்தில் முதல் பெயர் வெள்ளை நடிகை கில்டா கிரேயுடையது. ஷோஷோவும் படம் முடிவதற்குள் கொலையாகிறாள்.

அமெரிக்கா திரும்பியதும் 1932-இல் ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’. மார்லீன் டீட்ரிக்கும் வோங்கும் ஒரே ரயில் பெட்டியில் பயணிக்கும் இரு பெண்கள். மற்ற பயணிகள் இருவரையும் ஏளனமாகப் பார்க்க, வோங் ஏற்ற ஹுயி ஃபெய் சீட்டை அடுக்கியபடி யாரையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள். தன்னைச் சீரழித்த கிளர்ச்சித் தலைவனைக் கத்தியால் குத்திக் கணக்குத் தீர்ப்பவளும் அவளே. அந்தத் தலைவனாக நடித்தவர் அதே வார்னர் ஓலண்ட்.

மறுத்த வேடம்

இனி ‘தி குட் எர்த்’ பிரச்சினைக்கு வரலாம். நாயகன் வாங் லுங்காக பால் முனியை எம்ஜிஎம் ஒப்பந்தம் செய்தவுடனே வோங்குக்கு ஓ-லான் வேடம் கைநழுவிப் போனது என்கிறார்கள் திரை வரலாற்றாளர்கள். வெள்ளை நடிகருக்கு மனைவியாகச் சீன நடிகையைக் காட்டினால் தணிக்கையில் சிக்கல் வரும் என்பது ஸ்டுடியோக்களின் கணக்கு. மாறாக, நாயகனை மயக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் லோட்டஸ் வேடத்துக்கு அவரைப் பரிசீலித்தார்கள். முக்கிய வேடங்களில் எல்லாம் வெள்ளையர்கள் சீனராக நடிக்க, பார்ப்பவருக்கு வெறுப்பூட்டும் ஒரே வேடத்தை மட்டும் சீன இரத்தம் ஓடும் தன்னிடம் தருவதா என்று கேட்டு மறுத்துவிட்டார் வோங். தொழிலில் ஒவ்வொரு வாய்ப்புக்கும் போராடிய ஒருவர் எடுத்த முடிவு இது. அதன் விலையும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அதே பத்தாண்டில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற மெர்ல் ஓபரான் மும்பையில் பிறந்தவர். அவருடைய தாய்வழி இலங்கைக்குப் போகிறது. அந்தப் பூர்வீகத்தை மறைத்து, டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளையர் என்றே சொல்லி வாழ்ந்தார். ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். வோங்கால் மறைக்க முடியாது. மறைக்க விரும்பவும் இல்லை. மறைத்தவருக்குக் கிடைத்த நாயகி இடம் மறைக்காதவருக்கு இல்லை என்பதே அன்றைய ஹாலிவுட்டின் நியாயம்.

1936-இல் வோங் முதன்முறையாகச் சீனா சென்றார். அங்கும் எளிதான வரவேற்பு இல்லை. சீனர்களைக் கேவலமாகக் காட்டும் படங்களில் ஏன் நடித்தாய் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் அளவுக்கு மீறிய சீனராகவும் சீனாவில் அளவுக்கு மீறிய அமெரிக்கராகவும் பார்க்கப்பட்டார். இருந்தாலும் மாதக்கணக்கில் தங்கி, மாண்டரின் மொழியும் சீன நாடகக் கலையும் கற்றார். பூர்வீக ஊருக்குத் திரும்பியிருந்த அப்பாவைப் பார்த்தார்.

சின்னப் படங்கள், சின்னத் திரை

திரும்பி வந்த வோங், பாரமவுண்டின் குறைந்த செலவுப் படங்களில் தான் விரும்பிய பாத்திரங்களைக் கண்டார். பெரிய முதலீடு இல்லாத இடத்தில் கட்டுப்பாடும் குறைவு. 1937-இன் ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’ படத்தில் அப்பாவைக் கொன்ற ஆள்கடத்தல் கும்பலைத் தேடிப் பிடிக்கும் நாயகி அவர். மத்திய அரசுப் புலனாய்வாளராகக் கொரிய அமெரிக்கர் ஃபிலிப் ஆன். நாயகன், நாயகி இருவருமே ஆசியர்கள். கடைசியில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், கல்யாணப் பேச்சோடு படம் முடிகிறது. இந்தப் படம் 2006-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1939-இல் ‘கிங் ஆஃப் சைனா டவுன்’ படத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார். சீனா மீது ஜப்பான் போர் தொடுத்தபோது தன் உடைகளை ஏலம் விட்டும், போர்க்காலத்தில் நடித்த படங்களின் சம்பளத்தைக் கொடுத்தும் நிவாரண நிதி திரட்டினார்.

1951-இல் டூமாண்ட் தொலைக்காட்சி ‘தி கேலரி ஆஃப் மேடம் லியூ-சோங்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. கலைப்பொருள் கூடம் நடத்திக்கொண்டே குற்றங்களைத் துப்பறியும் பெண்ணாக வோங். பாத்திரத்துக்கு அவருடைய சீனப் பெயரே வைக்கப்பட்டது. ஆசிய அமெரிக்கர் ஒருவரை முதன்மை வேடத்தில் வைத்த முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதுதான். ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிட்டது. இன்று அதன் ஒரு பகுதிகூடக் கிடைப்பதில்லை. 1956-இல் டூமாண்ட் மூடப்பட்டது. அதன் பதிவுகளில் பெரும்பகுதி பின்னாளில் அழிக்கப்பட்டது. அவை நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாக நடிகை எடி ஆடம்ஸ் 1996-இல் நாடாளுமன்ற நூலக விசாரணையில் சாட்சியம் சொன்னார்.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை

1950-களில் தொலைக்காட்சியில் சிறு வேடங்களில் தொடர்ந்தார். 1960-இல் ஹாலிவுட் நட்சத்திர நடைபாதையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அடுத்து, சீன அமெரிக்கக் குடும்பக் கதையான ‘ஃபிளவர் டிரம் சாங்’ படத்தில் நடிக்க இருந்தார். உடல்நிலை இடம்தரவில்லை. 1961 பிப்ரவரி 3 அன்று சாண்டா மோனிகாவில் மாரடைப்பால் காலமானார், வயது 56. அவர் ஏற்க இருந்த வேடத்தில் நடித்தவர், பிராட்வே மேடையிலும் அதை ஏற்றிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஜுவானிடா ஹால். விலக்குச் சட்டமும் திருமணத் தடையும் நீங்கி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஆசியப் பாத்திரத்துக்கு யாரை வேண்டுமானாலும் போடலாம் என்ற நடைமுறை மட்டும் அப்படியே இருந்தது.

2022-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயத்தில் வோங்கின் முகம் இடம்பெற்றது. அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர். மறு ஆண்டே, மலேசியாவில் பிறந்த சீன வம்சாவளி நடிகை மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். ஆசிய அடையாளத்தை மறைக்காத ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. ரெய்னர் வாங்கியதிலிருந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு சமூகத்தின் கதையில் அந்தச் சமூகத்து முகமே இல்லாதபோது, தகுந்த நடிகர் கிடைக்கவில்லை என்ற பதில் எந்த மொழித் திரையுலகிலும் தயாராக இருக்கும். அந்தப் பதிலை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்கு வோங்கின் வாழ்க்கை போதுமான ஆதாரம். யாரைத் தேடினார்கள், யாரைத் தேடாமல் விட்டார்கள், எந்த விதி அவர்களைத் தேட விடாமல் செய்தது என்று கேட்க வேண்டும். கேட்டால், குறை திறமையில் இல்லை என்பதும், மாற்ற வேண்டிய விதி எது என்பதும் தெரிந்துவிடும்.