ஒளிந்துகொள்ளும் கார்ச் சின்னம்: காப்புரிமை எதற்குக் கிடைக்கும்?

ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பூட்டியதும், அதன் முகப்பில் கைகளைப் பின்னுக்கு வீசி முன்சாய்ந்து நிற்கும் பெண் சிலை கிரில்லுக்குள் இறங்கிவிடும். ஏதாவது மோதினாலும் அப்படியே உள்ளே போய்விடும். காருக்குள் இருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தியும் அதை ஏற்றி இறக்கலாம். சார்ல்ஸ் சைக்ஸ் 1911-ல் வடித்த 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி' சிலை அது. இடம் பிசகினால் ஸ்பிரிங் விசையில் உள்ளே போகும் வசதி, 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட் காரில்தான் முதலில் அதற்குக் கிடைத்தது. பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கும் வசதி 2003-ன் ஃபேன்டம் காரில் வந்தது.

அப்படியிருக்க, இன்றைக்கு ஒருவர் 'உள்ளே போகும் கார்ச் சின்னத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்' என்று விண்ணப்பம் போட்டால் காப்புரிமை கிடைக்குமா? 'அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு விண்ணப்பங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிலவற்றுக்குக் காப்புரிமையும் கிடைக்கிறது. எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே காப்புரிமை ஆய்வாளரின் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை இந்தக் கையடக்கப் பொருளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சின்னம் ஏன் ஒளிய வேண்டும்?

காரணங்கள் மூன்று. முதலாவது, பாதசாரிகளின் பாதுகாப்பு. பானட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டு, மோதலின்போது குத்திக் கிழித்துவிடும். கார்களின் வெளிப்புற நீட்சிகள் குறித்த ஐ.நா.வின் 26-ஆம் எண் விதிமுறை இதற்காகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தான் பொருத்தப்பட்ட பரப்பிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் அலங்காரச் சின்னம் எதுவானாலும், அதன் நுனியில் 100 நியூட்டன் விசை பட்டால் உள்ளே போக வேண்டும், கழன்றுவிட வேண்டும் அல்லது மடங்கிவிட வேண்டும். 100 நியூட்டன் என்பது ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்தும் அளவு. மெர்சிடிஸ் பென்ஸின் நட்சத்திரம் தட்டினால் சாய்ந்து கொடுப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் திருட்டு. விலையுயர்ந்த காரின் சின்னத்தை முறுக்கிப் பிடுங்கிச் செல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மூன்றாவது, சின்னத்தின் இடத்தையே வேறு வேலைக்குப் பயன்படுத்துவது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் பின்புறச் சின்னத்தை அழுத்தினால் அது டிக்கியைத் திறக்கும் கைப்பிடியாகிவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் அதன் பின்னாலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும்.

இவற்றில் முதல் இரண்டு காரணங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். திருடன் இழுத்தால் சின்னம் அசையக் கூடாது; மனிதர் மீது மோதினால் உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். காப்புரிமைக்கான விஷயம் பெரும்பாலும் இதுபோன்ற முரண்பாட்டுக்குள்தான் இருக்கிறது.

எல்லை போடும் வாக்கியம்

காப்புரிமை ஆவணத்தில் படங்கள் இருக்கும், பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். ஆனால் சட்டப்படி உரிமையின் அளவைத் தீர்மானிப்பது கடைசியில் எண்ணிட்டு வரும் 'உரிமைகோரல்கள்'தான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போன்றது இது. எல்லைக்குள் இருப்பது நமக்கு; வெளியே இருப்பது ஊருக்கு.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் உரிமைகோரல் இப்படி இருக்கிறது: வாகனத்தின் முகப்பில் ஒரு சின்னம், அதைத் தாங்கும் ஒரு தண்டு, தண்டை ஏற்றி இறக்கும் ஒரு மோட்டார், கதவு பூட்டப்பட்டதும் சின்னத்தை இறக்கும்படி மோட்டாருக்கு ஆணையிடும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. ஆக, நான்கு கூறுகள்.

எல்லையை இவ்வளவு அகலமாகப் போட்டால் லாபம் அதிகம் என்று தோன்றும். எந்த நிறுவனம் எந்த வகையில் சின்னத்தை இறக்கினாலும் வழக்குப் போடலாமே! ஆனால் எல்லை அகல அகல, அதற்குள் ஏற்கெனவே யாரோ குடியிருப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

தேடல் எங்கே தொடங்குகிறது?

விண்ணப்பம் வந்ததும் அதற்கு ஒரு வகைப்பாட்டு எண் தரப்படும். அமெரிக்க, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகங்கள் 2013 முதல் பொதுவாகக் கையாளும் வகைப்பாட்டில், கார்ச் சின்னங்களுக்கும் அவற்றைப் பொருத்தும் முறைகளுக்கும் 'பி60ஆர் 13/005' என்று தனி இடமே இருக்கிறது. ஆய்வாளர் அங்கே தொடங்குவார், அதோடு நிறுத்தமாட்டார். பாதசாரிப் பாதுகாப்புக்கான பிரிவையும், வண்டியில் கேமரா பொருத்துவதற்கான பிரிவையும் புரட்டுவார். தானாக நீண்டு மடங்கும் ஆண்டெனா, கதவுக்குள் மறையும் கைப்பிடி, ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களில் எழும்பி நின்ற முகப்பு விளக்கு என்று அண்டை வீட்டுச் சரக்கையும் தேடுவார்.

அவர் தேடுவது பழைய காப்புரிமைகளை மட்டுமல்ல. விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியான பத்திரிகைச் செய்தி, விற்பனைக் கையேடு, கண்காட்சியில் வைத்த பொருள், இணையக் காணொளி எல்லாமே சான்றுதான். அது எந்த நாட்டில், எந்த மொழியில் வெளியாகியிருந்தாலும் செல்லும்.

முதல் கேள்வி: புதிதா?

புதுமைக்கான சோதனை கறாரானது. உரிமைகோரலில் உள்ள அத்தனை கூறுகளும் பழைய சான்று ஒன்றிலேயே இருந்தால், அந்தக் கோரல் அதோடு விழுந்துவிடும். நம் கற்பனை விண்ணப்பத்தின் நான்கு கூறுகளையும் ஃபேன்டம் காரின் சிலையோடு ஒப்பிட்டாலே கதை முடிந்துவிடும். மாறாக, நான்கில் ஒரு கூறு அந்தச் சான்றில் இல்லையென்றாலும் புதுமைச் சோதனையில் கோரல் தப்பிவிடும்.

எனவே விண்ணப்பதாரர் ஒரு கூறைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். 'குளிரில் பனி உறைந்து சின்னம் சிக்கிக்கொண்டால், மோட்டார் அந்தத் தடையை உணர்ந்து, சற்றுப் பின்வாங்கி மறுபடி முயலும்.' இப்படி ஒரு கார்ச் சின்னம் எந்த ஒற்றைச் சான்றிலும் கிடைக்கவில்லை. புதுமைத் தடையைத் தாண்டியாயிற்று. ஆனால் அடுத்த தடை இதைவிட உயரம்.

இரண்டாவது கேள்வி: எளிதில் எட்டக்கூடியதா?

அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர், ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை இணைத்து இதைச் செய்துவிட முடியுமா என்பதே இரண்டாவது கேள்வி. இதில்தான் அதிக விண்ணப்பங்கள் திணறுகின்றன. பவர் விண்டோ கண்ணாடியில் கை சிக்கினால் மோட்டார் தடையை உணர்ந்து திரும்புவது கார் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 'அந்த உத்தியைச் சின்னத்தின் மோட்டாரில் வைப்பதில் என்ன வியப்பு?' என்று ஆய்வாளர் கேட்பார். கேள்வி நியாயமானதே.

இந்தச் சோதனையை அமெரிக்காவில் இறுக்கியதும் ஒரு கார் உதிரிபாக வழக்குதான். ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடலோடு மின்னணு சென்சாரை இணைத்த அமைப்புக்கு 2001-ல் காப்புரிமை கிடைத்திருந்தது. விண்ணப்பத்திலிருந்த அகலமான கோரல் ஒன்றை ஆய்வாளர் முதலில் மறுத்தார். சென்சார் நகராத சுழல்மையத்தில் பொருத்தப்பட்டிருக்கும் என்று சொன்ன குறுகலான கோரலை மட்டும் ஏற்றார். ஆனால் சுழல்மையம் நகராமல் பெடல் மட்டும் நகரும் அமைப்பு 'அசானோ' என்ற பழைய காப்புரிமையில் ஏற்கெனவே இருந்தது. ஆய்வின்போது அது ஆய்வாளர் முன் வரவேயில்லை.

காப்புரிமையின் உரிமத்தை வைத்திருந்த டெலிஃப்ளெக்ஸ் நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பெடல் செய்து கொடுத்த கே.எஸ்.ஆர். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரல் செல்லாது என்றது. இரண்டு பழைய விஷயங்களை இணைக்கும்படி குறிப்பான தூண்டுதல் ஏதாவது இருந்ததாகக் காட்டினால்தான் 'எளிதில் எட்டக்கூடியது' எனலாம் என்று கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் இறுக்கமாகப் பிடித்திருந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. துறை அறிந்த மனிதர் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் இல்லை, அவருக்கும் சொந்தப் புத்தி உண்டு என்பது தீர்ப்பின் சாரம். தெரிந்த பாகங்கள், தெரிந்த வேலையைச் செய்து, எதிர்பார்த்த பலனையே தந்தால் அதற்குக் காப்புரிமை கிடைப்பது அதன்பிறகு கடினமாகிவிட்டது.

அப்படியானால் எது தேறும்?

மேலே சொன்ன முரண்பாட்டுக்குத் திரும்புவோம். சின்னத்தை ஏற்றி இறக்க வார்ம் கியர் வைத்தால் திருட்டுப் பயம் குறையும். மோட்டார் பக்கமிருந்து அதைச் சுழற்றலாம். சின்னத்தின் பக்கமிருந்து அழுத்தினாலும் இழுத்தாலும் பொதுவாகச் சுழலாது. ஆனால் அதே குணம் மோதலில் ஆபத்து. மனித உடல் பட்டாலும் சின்னம் முள்ளாக நிற்கும்; 100 நியூட்டன் விதியில் தோற்றுவிடும்.

மேல்நோக்கி இழுத்தால் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் கியரிலிருந்து தண்டை விடுவிக்கும் ஒரு புதுவகைக் கிளட்சை ஒருவர் வடிவமைக்கிறார் என்போம். அதன் பாகங்கள் என்ன, எப்படி இணைந்திருக்கின்றன, எந்த விசையில் விடுபடும் என்று அவர் எழுதினால், ஆய்வாளரிடம் சொல்ல அவருக்கு ஒரு வாதம் இருக்கிறது: 'இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்தன. பழைய சான்றுகளில் ஒன்று திருட்டைத் தடுக்கிறது. இன்னொன்று மோதலைத் தாங்குகிறது. இரண்டையும் வெறுமனே இணைத்தால் எதுவும் வேலை செய்யாது. என் அமைப்பு செய்கிறது.' இந்த வாதம் வெல்லலாம், தோற்கலாம். ஆனால் 'சின்னம் உள்ளே போகும்' என்ற வாதத்தைவிட ஆயிரம் மடங்கு வலுவானது.

அமெரிக்காவில் ஆய்வாளர் எழுதும் மறுப்புக்கு வழக்கமாக 3 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் செலுத்தி 6 மாதம் வரை நீட்டிக்கலாம். பதிலில் விண்ணப்பதாரர் வாதாடுவார் அல்லது கோரலைக் குறுக்குவார். குறுக்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: முதலில் தாக்கல் செய்த விளக்கத்தில் இல்லாத எதையும் பிறகு நுழைக்க முடியாது. கிளட்ச் பற்றி அன்றைக்கே விவரமாக எழுதாதவர், மறுப்பு வந்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. மூளையில் இருந்தது தாளில் இல்லாமல் போனதால் தோற்ற விண்ணப்பங்களும் உண்டு.

வெளியாரும் பேசலாம்

விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் வெளியிடப்படுகின்றன. அப்போது 'இது பழைய சரக்கு' என்று தெரிந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல், விண்ணப்பத்தோடு தொடர்பில்லாத எவரும் பழைய ஆவணத்தை, அது எப்படிப் பொருந்துகிறது என்ற சிறு குறிப்போடு ஆய்வாளருக்கு அனுப்பலாம். அசானோ காப்புரிமை உரிய நேரத்தில் ஆய்வாளர் மேசைக்கு வந்திருந்தால், உச்ச நீதிமன்றம் வரை நீண்ட வழக்கு ஒன்று தவிர்ந்திருக்கக்கூடும்.

இந்தியச் சட்டம் இதில் இன்னும் தாராளம். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியானபின், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம்.

இங்கே நிலவரம் என்ன?

உள்ளே போகும் சின்னம் போன்ற இயந்திர அமைப்புகளுக்கு இந்தியாவில் கூடுதலாக ஒரு தடை உண்டு. தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையைத் தனித்தனியே செய்யும்படி வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது சட்டத்தின் 3(எஃப்) பிரிவு. பாத்திரங்களை லேத்தில் பிடித்துக்கொள்ளும் அமைப்பு பற்றிய வழக்கில், பட்டறையில் நடக்கும் சாதாரண மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்று 1978-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநில விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம் கையாள்கிறது. விண்ணப்பம் போட்டால் மட்டும் ஆய்வு தொடங்கிவிடாது. ஆய்வு கோரித் தனியாக மனுச் செய்ய வேண்டும். 2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்திருக்கிறது. முதல் ஆய்வறிக்கை வந்தபின் ஆட்சேபங்களுக்குத் தீர்வு காண 6 மாத அவகாசம் உண்டு. இத்தனையும் தாண்டிக் கிடைக்கும் உரிமை, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு செல்லும். சின்னத்தின் உருவத்துக்கு வணிகக் குறி உரிமை வேறு; அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதை ஏற்றி இறக்கும் இயந்திரம் 20 ஆண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் பொது.

வாகன உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்காரர்களும் பொறியியல் மாணவர்களும் மனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. செய்துகாட்டிய காணொளியை விண்ணப்பத்துக்கு முன் இணையத்தில் ஏற்றாதீர்கள்; உங்கள் காணொளியே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ் போன்ற இலவசத் தளங்களில் முதலில் நீங்களே தேடிப் பாருங்கள். விண்ணப்பத்தில் உங்கள் பொருள் என்ன செய்கிறது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, எப்படிச் செய்கிறது என்பதற்கு மீதிப் பக்கங்களை ஒதுக்குங்கள். ஆய்வாளர் உரிமை கொடுப்பது அந்த 'எப்படி'க்குத்தான்.