பாட்டியும் பால்மாவும்

பினாங்கு, ஜோர்ஜ்டவுனிலுள்ள லிட்டில் இந்தியாவில் செய்தி விரைவாகப் பரவும். குயின் வீதி மகாமாரியம்மன் கோவிலுக்கு வழக்கமாக வரும் குடும்பத்தைச் சில வாரங்கள் காணவில்லை என்றால், மார்க்கெட் வீதித் துணிக்கடை வரை விசாரிப்பார்கள். நல்லது கெட்டதுக்கு ஓடி வருவதும் இதே மக்கள்தாம். ஆயினும், வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவந்தால், இந்த நெருக்கமே அக்குடும்பத்தை வாய்திறக்க விடாமல் செய்துவிடும்.

மறைப்பதால் முதலில் பாதிக்கப்படுவது சிகிச்சைதான். மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை ஒளித்து வைக்கும் மருமகள், விருந்தினர் வந்த நாளில் அதை உட்கொள்ளாமல் விட்டுவிடலாம். மருந்து அடிக்கடி தவறினால் கிருமி அதை எதிர்க்கும் ஆற்றலைப் பெறக்கூடும்.

மலேசியாவில் அரசாங்கத் தாய்சேய் நல மருந்தகங்கள் 1998ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்து வருகின்றன. சிகிச்சையே இல்லாவிட்டால், கிருமியுள்ள தாய்மார்கள் 100 பேரின் குழந்தைகளுள் 15 முதல் 45 பேருக்கு அது பரவக்கூடும். தாய்க்குத் தொடர்ந்தும், பிறந்தவுடன் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் இந்த ஆபத்து மிகவும் குறைகிறது. 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவை பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இத்தகுதியைப் பெற்ற முதல் நாடு இதுவே. ஒழிப்பு என்றால் பூச்சியம் அன்று. உயிருடன் பிறக்கும் 100,000 குழந்தைகளுள் புதிய தொற்று 50க்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று.

சோதனை தாயோடு முடிவதில்லை. கணவரும் மூத்த பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் கண்டறிந்த குழுவை வழிநடத்திய மருத்துவர் சுனிதி சாலமன் இதை நன்கு உணர்ந்தவர். 1993இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் மருந்தோடு ஆலோசனையும் வழங்கியது. கிருமியுள்ள இளையோருக்கு அவரே வரன் பார்த்துத் திருமணமும் செய்து வைத்தார்!

ஒரே தட்டில் உண்பதாலோ பேரனை முத்தமிடுவதாலோ இக்கிருமி பரவாது. தாய்ப்பால் வழியாகப் பரவலாம்; ஆகவே, மலேசியாவில் இக்குழந்தைகளுக்குப் பால்மாவு கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அங்கேதான் அக்கம்பக்கத்தார் கேள்வி எழுகிறது: “ஏன் தாய்ப்பால் கொடுக்கவில்லை?” தாயின் சம்மதத்தோடு ஆலோசகர் முன்கூட்டியே பாட்டியிடம் பேசியிருந்தால், அவர் தடுமாற மாட்டார். “டாக்டர் சொன்னபடி கொடுக்கிறோம்,” என்று சொல்லிவிட்டுப் புட்டியைக் கழுவப் போய்விடுவார்.